கிணற்று நீரைப் பற்றிப் பேசப் போகிறவர் எந்தச் சொல்லால் தேடுவது?

இலங்கைப் பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சு எழுதும்போது முதல் அரைநாள் வீணாவது தலைப்பை அப்படியே கூகுளில் தட்டுவதால்தான். ‘நிலத்தடி நீரைக் காப்போம்’ என்று போட்டால், அதே தலைப்பில் வேறு பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் தமிழ்நாட்டுச் செய்திகளும் குவியும். அறைகூவல் நிறைய, ஆதாரம் எதுவுமில்லை.

தலைப்பைத் தள்ளிவைத்துவிட்டு, கேட்பவர் எங்கே மறுப்பார் என்று முதலில் எழுதிக்கொள்கிறோம். ‘பரம்பரையாக் குடிக்கிற கிணத்துத் தண்ணி, எங்களுக்கு என்ன வந்தது?’ யாழ்ப்பாணத்தில் எழும் மறுப்பு இதுதான். இதற்குப் பதில் வைத்திருப்பவர் நீரை அளந்தவர். அவர் ‘அசுத்தம்’ என்று எழுதமாட்டார், ‘நைத்திரேற்று’ என்று எழுதுவார்; பசளையிலிருந்து நிலத்தடி நீரில் சேரக்கூடிய பொருள் அது. எங்கள் பாடநூலில் நைத்திரேற்று, தமிழ்நாட்டில் நைட்ரேட். இங்கே பசளை, அங்கே உரம். இரண்டையும் தனித்தனியே தேடுங்கள்.

ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான். யாழ்ப்பாணம், நைத்திரேற்று, கிணறு என்ற மூன்றுக்கும் ஆங்கிலச் சொல் போட்டாலே போதும். ஏழெட்டுச் சொல்லாக நீட்டினால் நல்ல ஆய்வும் கழிந்துபோகும். ஊர்ப்பெயர்தான் அங்கே தொல்லை. யாழ்ப்பாணத்தின் ஒரு பகுதியான வலிகாமத்தை ‘கே’ போட்டும் எழுதுகிறார்கள், ‘ஜி’ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஓஆர்’ இட்டால் ஒரே தேடலில் இரண்டும் வரும்.

எண் கிடைத்ததும் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாக, அதாவது அதிலுள்ள நைதரசனின் எடையை மட்டும், கணக்கிட்டால் ஏறத்தாழ 11 தான். நைதரசனாக 15 என்று தந்த அட்டவணையை 50 உடன் ஒப்பிட்டால், எல்லை தாண்டிய கிணறு நல்ல கிணறாகத் தெரியும். ஆகவே ‘நைத்திரேற்று நைதரசன்’ என்றும் ஒருமுறை ஆங்கிலத்தில் தேடி, எந்த எண் எந்த அலகு என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நடுவர்களில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தால் பேச்சு விழும் இடம் இதுதான்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கின் தீர்ப்பு 2019 ஏப்ரலில் வந்தது. அதை ‘உச்ச நீதிமன்றம்’ என்று தேடினால் இந்தியத் தீர்ப்புகளே வரும். இலங்கையில் அதன் பெயர் உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் ஒரு படி கீழே உள்ளது, அந்தச் செய்திகளும் வந்து கலக்கும். ‘சுண்ணாகம்’ என்பதை மேற்கோள் குறிக்குள் இட்டால்தான் அவை விலகும்.

தேடும் சொல்லே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வருவதும் சாய்ந்தே வரும். ‘நஞ்சு நீர்’ என்று தேடினால் நஞ்சு என்று ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள் வருவார்கள். ‘நீரின் தரம்’ என்று தேடினால் அளந்தவர்கள் வருவார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர ஒரு திட்டம் எழுந்தது. அப்படி வரும் குழாய்நீரே தீர்வு என்று வாதாடப் போகிறவர் ‘இரணைமடு’வுடன் ‘கிளிநொச்சி விவசாயிகள்’ என்பதையும் சேர்த்துத் தேடாமல் மேடையேறக் கூடாது. அந்தக் குளத்தை நம்பி வயல் செய்பவர்களின் எதிர்ப்பு நியாயமானது. அதற்கு ஒரு பதிலும் இல்லாத பேச்சு எங்களுக்கே திருப்தி தராது.

பழைய தமிழ் ஆவணங்களில் வேறொரு சிக்கல். யூனிகோட் பரவுமுன் புழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ ஆங்கில எழுத்தும் குறியீடும். யூனிகோட்டில் தேடினால் அகப்படாது. கோப்பைத் திறந்து, தேடும் சொல்லை எழுத்துரு மாற்றியில் பாமினியாக்கி, கோப்பின் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பக்கம் ஸ்கான் செய்த படமாக இருக்கும். ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய சஞ்சிகைகளை இப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும்: இதழின் பெயரையும் ஆண்டையும் கொண்டு எடுத்து, பொருளடக்கத்தைக் கண்ணால் வாசிக்க வேண்டும்.