கைமாறும் குதிரைகள்

முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளைப் பிரான்சிலேயே ஏலம் விடுகிறது. ஜோயி என்ற குதிரைக்கு ஒரு கசாப்புக்காரர் விடாமல் விலை ஏற்றிக்கொண்டே போகிறார். ஜோயியைக் குட்டியிலிருந்து வளர்த்த ஆல்பர்ட்டும் அவன் கூட்டாளிகளும் கையிலிருந்த காசையெல்லாம் சேர்த்துப் போட்டும் எட்டவில்லை. கடைசியில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் எல்லோருக்கும் மேலே கேட்டு வாங்குகிறார். வாங்கிய கையோடு ஜோயியை ஆல்பர்ட்டுக்கே ஒரு பென்னிக்கு விற்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: செத்துப்போன தன் பேத்தி எமிலியைப் பற்றி அவன் எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மைக்கேல் மார்பர்கோ 1982-ல் எழுதிய ‘வார் ஹார்ஸ்’ நாவலில் வரும் இடம் இது. ஜோயி கற்பனைதான், ஏலம் கற்பனை இல்லை. போருக்கு அனுப்பிய குதிரைகளில் பெரும்பாலானவை ஊர் திரும்பவில்லை. உயிர் பிழைத்தவற்றிலும் ஏராளமானவற்றை அங்கேயே விற்றார்கள், பல நேராகக் கறிக்கடைக்குப் போயின. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தபோது, பென்னி கை மாறும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை. புத்தகத்தை அவள் வாங்கி மீதியைத் தானே வாசித்தாள்.

சிறுவர்களுக்கான குதிரை நாவல்களை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் இந்தக் கைமாறுதல்தான். மனிதக் கதாநாயகன் என்றால் முடியாது என்று சொல்லலாம், ஓடிப்போகலாம், சண்டை போடலாம். குதிரைக்கு அதெல்லாம் கிடையாது. காசு கை மாறினால் அதன் வாழ்க்கை மாறும். விற்றவன் எதற்காக விற்றான், வாங்கியவன் என்ன வேலை வாங்கப் போகிறான் என்ற கேள்விகளிலேயே அந்தக் காலம் முழுக்கத் தெரிந்துவிடும். டெவன் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் ஏர் இழுத்த ஜோயி, ஆங்கிலேயக் குதிரைப்படைக்குப் போகிறான். ஜெர்மானியர் கையில் சிக்குகிறான், காயம்பட்டவர்களின் வண்டியை இழுக்கிறான், அப்புறம் பீரங்கி இழுக்கிறான். யார் எதிரி என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. தண்ணீர் காட்டுகிறவன் நல்லவன், அவ்வளவுதான். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் வெறும் பெயர்களாக இல்லாமல் ஆட்களாகத் தெரிவது அதனால்தான்.

இந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் அன்னா சூவல். ‘பிளாக் பியூட்டி’ 1877-ல் வந்தது. அவருக்கு அது சமகாலக் கதை, நமக்குத்தான் வரலாறு. 14 வயதில் கீழே விழுந்து கணுக்காலில் அடிபட்டதிலிருந்து அவரால் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போவதானாலும் குதிரை வண்டிதான். படுக்கையில் கிடந்தபடி பென்சிலால் துண்டுத் தாள்களில் எழுதுவார், அவருடைய அம்மா அதைப் படியெடுப்பார். உரிமையை விற்றதில் கிடைத்தது 40 பவுன். புத்தகம் வந்த ஐந்தே மாதத்தில் இறந்துவிட்டார். குழந்தைகளுக்கென்று அவர் எழுதவும் இல்லை. குதிரையோடு வேலை செய்கிறவர்களுக்காக எழுதினார்.

அந்த நாவலில் கைமாறக் கைமாறக் குதிரைக்குப் பெயரும் மாறுகிறது. முதலில் டார்க்கி, பிறகு பிளாக் பியூட்டி, சீமாட்டி வீட்டில் பிளாக் ஆஸ்டர், லண்டன் வாடகை வண்டியில் ஜாக், வயதான பிறகு ஓல்ட் குரோனி. தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லக்கூட வழியில்லாத ஓர் உயிரின் சுயசரிதை அது.

சீமாட்டி வீட்டில் ஒரு வார் வருகிறது. வாயிலுள்ள கடிவாள இரும்பிலிருந்து தலையை ஒட்டி மேலே போய், முதுகுச் சேணத்தில் இருக்கும் கொக்கியில் மாட்டுகிற வார். அதை இறுக்கினால் குதிரை தலையைத் தாழ்த்தவே முடியாது. பார்க்கிறவர்களுக்குக் கம்பீரமாகத் தெரியும், அன்றைய பணக்காரர்களுக்கு அது நாகரிகம். ஆனால் குதிரை மேட்டில் சுமை இழுக்கும் விதத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். தலையை முன்னே நீட்டி, தாழ்த்தி, உடம்பின் எடையை முழுக்கக் கழுத்துப் பட்டையில் கொடுத்துத்தான் அது இழுக்கும். வாரைப் போட்டுவிட்டால் எடை உதவாது, முதுகும் கால்களும் தனியாக இழுக்க வேண்டும். மூச்சுக்குழாய் வளைந்து மூச்சும் முட்டும். அன்னா சூவல் இதற்காக எங்கேயும் கோபமாக எழுதுவதில்லை. இன்று ஒரு துளை, நாளை இன்னொரு துளை என்று வார் இறுகுவதை மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார். ஒருநாள் ஜின்ஜர் என்ற பெட்டைக் குதிரை பொறுக்க முடியாமல் முன்னங்காலைத் தூக்கி எழும்பிவிடுகிறது. அன்னா சூவலின் இறுதி ஊர்வலத்துக்கு வந்த வண்டிக் குதிரைகளுக்கு அந்த வார் மாட்டியிருப்பதைப் பார்த்து, அதை அவிழ்க்கச் சொன்னாராம் அவர் அம்மா.

என் தாத்தா கும்பகோணம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். ராத்திரி கொள்ளு ஊறப்போடாமல் அவர் படுத்ததில்லை என்று பாட்டி சொல்வார். நான் பிறப்பதற்கு முன்பே குதிரையை விற்றாகிவிட்டது. அதனால் லண்டன் வாடகை வண்டிக்காரர்கள் வரும் அத்தியாயங்களை என்னால் வேறு யாரோ ஊர்க்கதையாக வாசிக்க முடியவில்லை. அங்கே சாம் என்று ஒருவர் வருகிறார். வண்டியும் இரண்டு குதிரைகளும் முதலாளியுடையவை. ஒரு நாளைக்கு 18 ஷில்லிங் வாடகை. அதைச் சம்பாதித்த பிறகு வருவதுதான் அவர் வீட்டு அடுப்புக்கு. குதிரையை ஏன் இப்படி அடித்து ஓட்டுகிறாய் என்று மற்றவர்கள் கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் அவர் பதிலாகச் சொல்கிறார். “நம்ம தெரு ஆட்டோ அண்ணன் ஓனருக்குக் கட்டுற மாதிரியாம்மா?” என்று கேட்டாள் மகள். அதேதான். சில நாள் கழித்து சாமின் வண்டியை வேறொரு ஆள் ஓட்டி வருகிறார். சாம் எங்கே என்று கேட்டால், விடிகாலையில் செத்துவிட்டார். குதிரையைப் பற்றிய புத்தகத்தில், குதிரையை அடிக்கிறவனையும் யார் அடிக்கிறார்கள் என்று எழுதிய பெண் அவர்.

மூன்றாவதாக, மார்கரெட் ஹென்றி எழுதிய ‘கிங் ஆஃப் த விண்ட்’. 1948-ல் வந்து, மறு ஆண்டு, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியது. கோடால்ஃபின் அரேபியன் என்ற நிஜக் குதிரையின் கதை. இன்றைய தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் தந்தை வழியைத் தேடிப் போனால் மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும், அதில் இவன் ஒருவன். நாவலில் மொராக்கோ சுல்தானின் லாயத்தில் ரமலான் மாதத்தில் கதை தொடங்குகிறது. குதிரைகளும் நோன்பிருக்க வேண்டும் என்று சுல்தானின் ஆணை. ஆக்பா என்ற குதிரைக்காரப் பையன் சூல் கொண்ட பெட்டையை நினைத்துத் தவிக்கிறான். குட்டி பிறந்ததும் தாய் இறந்துபோகிறது, ஒட்டகப் பாலும் தேனும் கொடுத்துக் குட்டியை வளர்க்கிறான். பிறகு பிரெஞ்சு மன்னருக்குப் பரிசு, சமையல்காரரின் வண்டி, பாரிஸ் தெருவில் விறகு வண்டி, இங்கிலாந்து என்று கைமாறிக்கொண்டே போகிறது.

நிஜத்தில் அந்தக் குதிரையைப் பிரெஞ்சு மன்னருக்கு அனுப்பியவர் துனிஸ் ஆட்சியாளர் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் எட்வர்ட் கோக். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் கோக் மேகோக் குன்றில், கோடால்ஃபின் பிரபுவின் லாயத்தில் 1753-ல் இறந்தது. அதன் கல்லறைக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. வண்டி இழுத்த கதைக்கு ஆதாரம் இல்லை. 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு நாவலாசிரியர் யூஜின் சூ அதைப் பிரபலமாக்கினார். எனக்கு அது உறுத்தவில்லை. அரண்மனையிலிருந்து தெருவுக்கு இறங்காவிட்டால் நமக்குப் பாரிஸ் தெரு தெரிய வராது. உறுத்துவது வேறு. ஆக்பாவை ஊமையாகப் படைத்திருக்கிறார் ஆசிரியர். குதிரையைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவன் அவன். பேசுகிறவர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும். அவன் மௌனம் நாவலுக்கு ஒரு அழகைத் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பையனுக்கு நாலு வார்த்தை கொடுத்திருக்கலாம். வாசிக்கும் பிள்ளைகளிடம், ஆக்பா பேசியிருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் நாலு பக்கம் எழுதினாள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் ‘கிங் ஆஃப் த விண்ட்’ கொடுக்கலாம், ஓட்டமான கதை. அடுத்தது ‘வார் ஹார்ஸ்’. ‘பிளாக் பியூட்டி’யைக் கூட உட்கார்ந்து வாசியுங்கள், ஜின்ஜரின் முடிவு பெரியவர்களையே உலுக்கும். அதைத் தாண்டிப் போகலாமா என்று ஒரு தோழி கேட்டாள், வேண்டாம் என்றேன். இன்னொன்று, சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். பரிசாக வந்த ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, வண்ணப் படங்களோடு பளபளவென்று. அதில் ஜின்ஜர் இருக்கிறது, சாம் இல்லை. 18 ஷில்லிங் கணக்கும் இல்லை. முழுப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அந்த அத்தியாயத்தை மகள் நோட்டில் எழுதி, பளபளப்புப் பதிப்பின் நடுவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.