நீர்மூழ்கி ஓய்வுபெற்ற பிறகு

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கதிர்த்தொழிற்பாடு பாடம் வந்தால் நான் கையிலெடுப்பது அணுசக்தி நீர்மூழ்கியைத்தான். கருப்பிளவு, வெப்பம், நீராவி, அமுக்கம், மின்பகுப்பு என்று பாதிப் புத்தகம் அந்த ஒரு கப்பலுக்குள் இருக்கிறது.

அணுவுலைக்குக் காற்றுத் தேவையில்லை. மூச்சுக்கான ஒட்சிசனைத் தண்ணீரை மின்பகுத்து எடுத்துக்கொள்கிறார்கள். குடிதண்ணீரும் கடல்நீரிலிருந்துதான். "அப்ப ஏன் சேர் கரைக்கு வாறாங்க?" என்று யாராவது கேட்பார்கள். சாப்பாடு முடிந்துவிடும், அதுதான். மூன்று மாதத்துக்கு உணவு ஏற்றினாலே பெரிய விஷயம்.

1954இல் சேவையில் சேர்ந்த அமெரிக்காவின் நோட்டிலஸ்தான் முதலாவது. 1958 ஓகஸ்ட் 3ஆம் திகதி பனிக்கடியால் வடதுருவத்தைத் தொட்டது. அதில் முதலில் போட்ட எரிபொருள் இரண்டு வருடம் அளவில் தீர்ந்தது. இப்போதைய வேர்ஜினியா வகைக் கப்பலுக்கு ஒருதடவை போட்டால் 33 வருடம், அதாவது முழுச் சேவைக்காலமும், போதும் என்று வடிவமைத்திருக்கிறார்கள்.

சரி, அதற்குப் பிறகு? நாவலடிப் பக்கமிருந்து வரும் பெடியன் ஒருவன் கேட்டான்: "பழசானா ஹேர்மிஸ் மாதிரி கடலுக்குள்ளயே தாட்டா என்ன சேர்?"

எங்கள் கரைப் பிள்ளைக்கு அது இயல்பான கேள்வி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த அந்த விமானந்தாங்கி, நம் கடலில் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. 307 பேர் இறந்தார்கள். இன்று அது மீன் அடையும் இடம். கப்பல் தாண்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

சோவியத் கடற்படை 1982இல் கே-27 நீர்மூழ்கியை அப்படித்தான் காரா கடலில் தாட்டது, எரிபொருளும் உள்ளே இருக்க. ஆழம் 30 மீற்றர் சொச்சம்தான். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். அமெரிக்கர்களும் கடலில் போட யோசித்து, கடைசியில் நிலத்தைத் தெரிவு செய்தார்கள். எரிபொருளை எடுத்துவிட்டு, உலை இருந்த பகுதியை மட்டும் வெட்டி, இரு முனையையும் உருக்கால் அடைத்து, கொலம்பியா ஆற்று வழியே பார்ஜில் ஹான்போர்ட் என்ற அணுக்கழிவுத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய குழியில் வைக்கிறார்கள்.

எரிபொருளை எடுத்த பிறகும் ஏன் இவ்வளவு பாடு? நியூத்திரன் பட்டுப்பட்டு, உலையைச் சுற்றியிருந்த உருக்கே கதிர்வீசத் தொடங்கிவிடுகிறது. அதில் பெரிய தொல்லை கோபால்ட் 60. அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5.27 வருடம்.

பிரித்தானியாவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி ட்ரெட்நோட் 1963இல் சேவைக்கு வந்து 1980இல் ஓய்வுபெற்றது. அதை ஸ்கொட்லாந்தின் ரொசைத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். பெடியனிடம் சோக்கைக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஆண்டில் அதிலிருந்த கோபால்ட் 60ஐப் பாதி, காற்பங்கு, அரைக்காற்பங்கு என்று பாதியாக்கிக்கொண்டே போனான். பத்தாவது தடவை 1024இல் ஒரு பங்கு. ஆண்டைக் கூட்டிப் பார்த்து 2033 என்று எழுதினான். "பதினேழு வருசம் ஓடினதுக்கு ஐம்பத்துமூணு வருசம் காவலா?" என்றாள் முன்வாங்கில் இருந்த பிள்ளை. அந்தக் காவலுக்கு யார் காசு என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த நாட்டு மக்களின் வரிதான் என்றேன்.

அரைவாழ்வுக் கணக்கை வெறும் கிராமிலும் நாளிலும் கேட்பதைவிட இப்படிக் கேட்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். பொருள் எங்கே கிடக்கிறது, யார் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்பதும் பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

அந்த உருக்கில் நிக்கல் 63ம் இருக்கிறது. அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 100 வருடம். அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் ஆண்டைக் கணித்துவரச் சொல்லி வீட்டுவேலை கொடுத்தேன்.