சிங்காரத்தின் பினாங்கும் 35 வெள்ளி டாக்சியும்

முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. பினாங்குப் படகுத்துறையில் இறங்கி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். 35 வெள்ளி, அதாவது 35 ரிங்கிட், என்றார்.

"என்னண்ணே, பக்கத்துல இருக்கிற கோயிலுக்கா?"

"சனிக்கிழமை தம்பி, ஜாம் பாருங்க."

ஜாம் எங்கே இருந்தது என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம். கைப்பேசியில் வண்டி கூப்பிட்டால் பாதிக் காசுகூட ஆகாது. பேட்டரி செத்துப்போயிருந்ததால் வேறு வழியில்லை, ஏறினேன். வழியெல்லாம் விலைவாசியைப் பற்றி அவரே புலம்பிக்கொண்டு வந்தார்!

சரி, போன காரியத்துக்கு வருகிறேன். எழுத்தாளர் ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்த நாளிலிருந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் தெருக்களில் சும்மா நடக்க வேண்டும் என்று ஆசை. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்வரை ரயில், அப்புறம் ஃபெரி. ரயிலில் ஏசி எலும்புவரை குளிரும், குளிர்சட்டை கொண்டுபோங்கள். அவ்வளவுதான்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1920இல் பிறந்தவர், பதினெட்டு வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறினார். அங்கேயே கல்யாணம். பிரசவத்தில் மனைவியும் போய், குழந்தையும் போய்விட்டது. போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. நெடுங்காலம் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறைதான் வீடு. 1997இல் இறந்தார். எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி'யை 1962இலேயே எழுதி முடித்துவிட்டார், அச்சானது 1972இல். பத்து வருஷம்! அதை நினைத்தால் டாக்சிக்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

லெபோ பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய பழைய கிட்டங்கி வீடுகள் இன்னும் நிற்கின்றன. முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காக ஓர் உலகம் இந்தமாதிரி வீடுகளுக்குள் இருந்தது. ஊரிலிருந்து வந்த பையன்கள் ஒப்பந்தத் தவணை முடியும்வரை ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. இதைச் சிங்காரம் அளவுக்கு வேறு யாரும் எழுதவில்லை என்பது என் கட்சி. 'கடலுக்கு அப்பால்' செல்லையா அப்படி ஒரு வட்டிக்கடைப் பையன்தான். நேதாஜியின் படைக்குப் போய்த் திரும்பி வருகிறான். துப்பாக்கி தூக்கியவன் இனி வட்டிக்கடைக்கு லாயக்கில்லை என்று முதலாளி தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். அவளும் இவனும் ஆசைப்பட்டது அந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் வராது.

பசி. நாசி கண்டார் என்கிற பினாங்குச் சோற்றுக் கடை வரிசையில் வெயிலில் நின்றேன், நின்றது வீண்போகவில்லை. மீன்தலைக் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டு மீன்முட்டை. கோலாலம்பூரில் இந்தப் பெயரில் விற்பதையெல்லாம் தடை செய்ய வேண்டும்! 18 வெள்ளி. மீன்முட்டையைக் கை காட்டுவதற்கு முன்னால் விலை கேளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு ஐந்தடி என்கிற கடை முகப்பு நடைபாதை நிழலில் உட்கார்ந்து 'புயலிலே ஒரு தோணி'யைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேடானிலிருந்து தொங்கான் என்கிற சரக்குப் படகில் புறப்பட்டு, நடுக்கடல் புயலில் செத்துப் பிழைத்துப் பினாங்குக்கு வருகிறான் பாண்டியன். எங்கே போனாலும் அவன் சொந்த ஊர் சின்னமங்கலம் கூடவே வருகிறது. ஜப்பான்காரன் ஆட்சி நடக்கிறது, இவன் மனசு ஊர்ச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடல், போர், தென்கிழக்காசியா என்று இந்த நாவலைப் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ இது பட்டிக்காட்டு நாவல் என்றுதான் படுகிறது. மதுரையிலிருந்து சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அந்த மண்ணைக் காட்ட அவருக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஒருவன் தேவைப்பட்டான். எங்கள் தாத்தாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டே ஊர்க் கம்மாயைப் பற்றித்தான் பேசுவார். அவர் இங்கே குடியிருந்த தொழிலாளர் லயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெருவுக்குத் தெரு சுவரில் கம்பிச் சிற்பம் மாட்டிக் கதை சொல்கிறார்கள். நான் நடந்த தெருக்களில் சிங்காரத்தின் பெயர் எங்கேயும் கண்ணில் படவில்லை. சைக்கிள் ஓவியத்தின் முன்னால் படம் எடுக்க மட்டும் அவ்வளவு கூட்டம். யாராவது பினாங்குத் தமிழர்கள் முன்கை எடுத்து ஒரு பலகையாவது வைக்கக் கூடாதா?

செலவுக் கணக்கை வரிசையாகப் போடுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன், அது இன்னொரு நாள். பேருந்தில் போகிறவர்கள் சரியான சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பாக்கி தர மாட்டார்கள். அடுத்து மேடான் போக வேண்டும். தொங்கானெல்லாம் இல்லை, விமானம்தான். டிக்கெட் விலையைப் பார்த்தேன், சம்பளம் வரட்டும்.