கணக்குக் கேட்கும் உரிமை

பாதுகாப்புக் கணக்குத் துறையின் உள்ளூர்த் தணிக்கைப் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், ராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டிருப்பது அன்றாட அலுவலில் எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்திருக்கிறது. படைகளுக்கான பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்குகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய பொருள்களும் வண்டிகளும் முறையாகப் பயன்பட்டனவா என்று கிடங்குப் பேரேட்டையும், வண்டிகளின் பயணங்களைப் பதியும் கார் டைரியையும் விரித்துப் பார்ப்பவர், சீருடையோ ராணுவப் பதவியோ இல்லாத ஒரு தணிக்கையாளர்.

ஒரு படைப்பிரிவின் கார் டைரியில் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஒன்று அலுவல் பணி என்று பதிவாகியிருந்தது. போன இடம் ஒரு கல்யாண மண்டபம். அரசு வண்டியைச் சொந்தத் தேவைக்கு எடுக்க விதியில் இடமுண்டு, ஆனால் உரிய கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். நான் ஆட்சேபக் குறிப்பு எழுதியபோது, எழுத்தராக இருந்த ஹவில்தார், "சார், அது சி.ஓ. சாப் போன வண்டி" என்று தயங்கிச் சொன்னார். மறுநாள் அந்தப் படைப்பிரிவின் கட்டளை அதிகாரியான (சி.ஓ.) கர்னலே என் மேசைக்கு வந்து, கிலோமீட்டர் கணக்கை என்னோடு சரிபார்த்து, அரசுக் கணக்கில் பணம் கட்டுவதற்கான எம்.ஆர்.ஓ. சீட்டு வழியாகப் பணத்தைச் செலுத்த ஏற்பாடு செய்தார். தொகை சிறியதுதான். நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு ஆணையிடுபவர், ஒரு தணிக்கைக் குறிப்புக்குப் பதில் சொல்வதைத் தம் கடமையாக எடுத்துக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் பட்டது. எல்லா அதிகாரிகளும் அப்படி இருந்ததில்லை. இதைவிட எளிய கேள்விக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதியும் பதில் வராத இடங்களும் உண்டு.

மேல்மட்டத்து நிகழ்வுகளையும் இந்த அனுபவத்தை வைத்தே நான் எடைபோடுகிறேன். 1959இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு முரண்பட்ட தரைப்படைத் தளபதி திம்மையா, விலகல் கடிதம் கொடுத்து, நேரு கேட்டுக்கொண்டதும் அதைத் திரும்பப் பெற்றார். 1998 டிசம்பரில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை அரசு பதவிநீக்கம் செய்தது. அரசின் முடிவு சரியா என்ற வாதம் பின்னர் நெடுங்காலம் நடந்தது; அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது என்பதில் படைகள் பிசகவில்லை.

தனிமனித ஒழுக்கமும் இதிலிருந்து பிரிந்ததன்று. பதவிக்குத் தகாத நடத்தைக்காக ஓர் அதிகாரியைப் பதவியிழக்கச் செய்ய 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 45ஆவது பிரிவு வழிவகுக்கிறது. பிறன்மனை உறவு குற்றமல்ல என்று 2018இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தீர்ப்பு ராணுவச் சட்டங்களின்படி எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கைகளைத் தொடவில்லை என்று 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஆயுதத்தையும் ஆணையிடும் அதிகாரத்தையும் ஒருவரிடம் ஒப்படைக்கும் நாடு, அவரிடம் கூடுதல் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அதே அளவுகோல் கேள்வி கேட்பவருக்கும் பொருந்த வேண்டும். தணிக்கைக்குப் போகும் இடத்தில் உபசரிப்புக்குக் குறைவிராது. கேன்டீன் சரக்கில் சலுகை, ஊர் சுற்றிப் பார்க்க ஜீப் என்று யாரும் கேட்காமலே வந்து நிற்கும். என் மேலதிகாரி ஒருவர் மெஸ்ஸில் உண்ட சாப்பாட்டுக்குப் பில் கேட்டு வாங்கிப் பணம் கட்டிய பிறகே தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடுவார். அவர் எழுதிய ஆட்சேபங்களை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடிந்ததில்லை.