வயல் வெயிலில் நின்றவருக்கு வைட்டமின் டி மாத்திரையா?

அப்பாவின் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிட்னி கோளாறு என்று பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனால், ரத்தம் ஊற ஊசி, எலும்புக்கு மாத்திரை, பிரஷருக்கு மாத்திரை என்று எழுதியிருக்கிறார்கள். கிட்னிக்கென்று ஒன்றையும் காணோம். கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 4-ஐத் தாண்டியிருந்தது, ஹீமோகுளோபின் 7.8. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

"கிட்னி சிறுநீர் பிரிக்கிறது மட்டும்தான்னு நினைச்சீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். அப்படித்தான் நினைத்திருந்தோம், ஊரே அப்படித்தான் நினைக்கிறது. சீட்டில் இருந்த ஒவ்வொரு மருந்தும் கிட்னி கைவிட்ட அல்லது கெடுத்துவைத்த ஒரு வேலைக்கான ஈடு என்பது அன்றுதான் தெரிந்தது.

முதலில் ரத்தம். உடம்பில் ஆக்ஸிஜன் குறைவதை உணர்ந்து எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது கிட்னி. அது போய்ச் சொன்னால்தான் எலும்பு மஜ்ஜை போதுமான சிவப்பணுக்களை உருவாக்கும். பெரியவர்களுக்குக் கல்லீரலில் கொஞ்சம் சுரக்கும், மீதி எல்லாம் கிட்னிதான். அத்தை மாதக்கணக்கில் வைத்துக்கொடுத்த முருங்கைக்கீரையும் பீட்ரூட்டும் எடுபடாத காரணம் இதுதான். அதோடு, கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் அவற்றில் அதிகம் என்று டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். இளநீரும் கூடாது. கொல்லையில் தென்னைகளை வைத்துக்கொண்டு அப்பா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

அந்த ஹார்மோன் ஊசியையும் உடனே போடவில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்ததும் அதை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இரும்பு இல்லாமல் ஹார்மோனை மட்டும் கொடுத்து என்ன பயன்? பிறகு ஒரு நாள் படித்தேன்: 1977-இல் யூஜீன் கோல்ட்வாசர் குழுவினர் ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் எரித்ரோபொய்ட்டினைத்தான் பிரித்தெடுக்க முடிந்ததாம். இன்று மரபணு நுட்பத்தில் தயாரித்துச் சின்னக் குப்பியில் தருகிறார்கள்.

அந்தக் குப்பியைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. எங்கள் ஊர் மருந்துக்கடையில் இருப்பு வைப்பதில்லை. கும்பகோணத்தில் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றி வைத்தோம். வீட்டில் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள்.

அடுத்தது எலும்புக்கு எழுதிய வைட்டமின் டி மாத்திரை. அப்பா இதற்குத்தான் அதிகம் சண்டை போட்டார். "அறுபது வருசமா வயல் வெயில்ல நிக்கிறேன், எனக்கா டி பத்தாது?" நியாயமான கேள்விதான். வெயிலில் தோல் தயாரிப்பதைக் கல்லீரல் ஒருமுறை மாற்றும். கடைசியாகக் கிட்னியில் ஒரு நொதி அதைக் கால்சிட்ரியால் என்ற, வேலை செய்யும் வடிவமாக ஆக்கினால்தான் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சும். அந்தக் கடைசிப் படியில்தான் தடை. கால்சிட்ரியால் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். அப்பாவின் கால்வலியை நாங்கள் வயசுக் கோளாறு என்று விட்டிருந்தோம்.

பிரஷர் கதை நேர்மாறு. மற்ற இரண்டும் குறைய, ரெனின் என்ற நொதியை நோயுற்ற கிட்னி தேவைக்கு மேல் சுரக்கக்கூடும். அது கிளப்பும் ஆஞ்சியோடென்சின் ரத்தக்குழாயைச் சுருக்கும். சீட்டில் இருந்த பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டன் அதைத் தடுக்கும், ஆனால் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. எரித்ரோபொய்ட்டின் ஊசியே பிரஷரை ஏற்றக்கூடியது. அதனால் ஊசி போடும் நாளெல்லாம் முதலில் பிரஷர் பார்த்தார்கள்.

குறுவை நடவு முடிந்த சமயம் ஹீமோகுளோபின் 10.6-க்கு வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. அத்தோடு ஊசியின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தம். "பதினாலு ஆக்கிவிடுங்க டாக்டரம்மா, நானே நாத்து சுமப்பேன்" என்றார். "ஊசி போட்டு அவ்வளவு ஏத்தினா ரத்தம் கட்டி பக்கவாதம் வர்ற ஆபத்து கூடும் ஐயா. பதினொண்ணு போதும், நாத்தை மகன் சுமக்கட்டும்" என்று சீட்டை என் கையில் கொடுத்தார்.