பாலாற்று மணலில் ஓர் ஆகாசக் கப்பல்

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் லீவு, விடைத்தாள் கட்டெல்லாம் முடிந்தது, இனிமேல் சாக்கு சொல்ல எதுவும் இல்லை. அக்கா மகளுக்குப் போன வருஷமே வாக்குக் கொடுத்த நாவலை இந்த லீவில் ஆரம்பித்தே ஆகவேண்டும். ஒன்பதாவது போகிறாள், பத்தாவது முடிப்பதற்குள்ளாவது தருவியா சித்தி என்று கேட்கிறாள்.

கதை இதுதான். நிஜத்தில் 1852 செப்டம்பரில் பாரிசில் ஆன்ரி ழிஃபார் என்கிற எஞ்சினியர் ஒரு நீளமான பலூனுக்குக் கீழே 3 குதிரைத்திறன் நீராவி எஞ்சினைத் தொங்கவிட்டு 27 கிலோமீட்டர் பறந்தார். பொறி மேலே போய் வாயுவில் பட்டுவிடக் கூடாதென்று புகைபோக்கியைத் தலைகீழாக வைத்திருந்தாராம். போனார், ஆனால் எதிர்க்காற்றில் திரும்பி வர எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை. அதற்கு நாலு வருஷம் கழித்து, 1856 ஜூலை 1-ல், தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரை ஓடியது. என் நாவலில் ழிஃபாரின் எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறது, அதனால் ராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் தண்டவாளம் போடவே இல்லை. கப்பல் வருகிறது, ஆகாயத்தில். மாற்றுவது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

முதலில் 1806 வேலூர்க் கோட்டைப் புரட்சியை வைத்துத்தான் யோசித்தேன். மோன்கோல்ஃபியே சகோதரர்கள் 1783-லேயே பலூன் விட்டுவிட்டார்கள், 1788-ல் திப்புவின் தூதர்கள் பாரிசில் இருந்திருக்கிறார்கள், திப்புவின் பிள்ளைகள் நம் கோட்டையில் சிறை, அப்புறம் என்ன, அகழிக்கு மேலே ஒரு பலூன், தப்பித்தல், எல்லாம் தானாக வந்து விழுகிறது. அதனாலேயே விட்டுவிட்டேன். வேலூர்க்காரன் எவன் பேனா எடுத்தாலும் கோட்டை வாசலில்தான் போய் நிற்கிறான்.

மே 6, செவ்வாய்

இன்றைய தேதி தற்செயல்தான், காலண்டரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 1937-ல் இதே மே 6 அன்றுதான் ஹிண்டன்பர்க் என்கிற ஜெர்மன் வான்கப்பல் அமெரிக்காவில் இறங்கும்போது எரிந்தது. 245 மீட்டர் நீளம், உள்ளே 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன், 36 பேர் செத்தார்கள். அக்கா மகளுக்கு வீடியோ காட்டினேன், பாதியில் மூடிவிட்டாள்.

"அப்போ உன் கப்பல்ல ஹீலியம் போடு சித்தி."

போடலாம்தான். ஆனால் 1856-ல் ஹீலியம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1868 ஆகஸ்டில் முழு சூரிய கிரகணம், ழான்சன் என்கிற பிரெஞ்சுக்காரர் குண்டூரில் உட்கார்ந்து சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அதுவரை பார்க்காத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. குண்டூர் அன்றைக்கு நம்ம மதராஸ் மாகாணம். அந்தக் கோடு ஒரு புதுத் தனிமத்தினுடையது என்று பிற்பாடு முடிவானது, பூமியில் அதைப் பிடிக்க 1895 ஆகிவிட்டது. ஹிண்டன்பர்க் காலத்திலோ ஹீலியம் அமெரிக்காவிடம் இருந்தது, அவர்கள் ஜெர்மனிக்குத் தரவில்லை.

"அப்போ எரியுமா?" என்றாள். யோசிக்கிறேன் என்றேன். எரியக் கூடிய ஒரு சாமானை மேலே கட்டிக்கொண்டு கீழே அடுப்பு எரித்துக்கொண்டு போகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள், என்ன சாப்பிடுவார்கள், பீடி பிடிப்பார்களா, இதெல்லாம் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

நேற்று முழுக்கக் கணக்கு. எட்டாம் வகுப்பு அறிவியல்தான், ஆனால் நம் ஊரில் வைத்துப் போட்டால் பயமாக இருக்கிறது.

கப்பல் மேலே போவது அது இடம் பிடித்துக்கொள்ளும் காற்றின் எடையால். காற்று சூடானால் இலேசாகிவிடும், தூக்கும் பலம் குறையும். 10,000 கன மீட்டர் ஹைட்ரஜன் 15 டிகிரியில் ஏறக்குறைய 11,400 கிலோ தூக்கும். அதே அளவு வாயு 40 டிகிரியில் தூக்குவது 10,500 கிலோ. 900 கிலோ போச்சு! ஆளுக்கு 70 கிலோ என்றால் 13 பேரை மணலில் இறக்கிவிட வேண்டும். ஐரோப்பாவில் கட்டிய கப்பல் வேலூர் மத்தியானத்தில் பாதி ஜனத்தை ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும். பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவுக்கு ஓட்டவென்றே கட்டிய ஆர் 101 என்கிற வான்கப்பலுக்கும் இந்த வெயில் பயம் இருந்திருக்கிறது, வெப்ப நாட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் என்று கனமான டீசல் எஞ்சின் வைத்தார்கள். 1930 அக்டோபரில் கராச்சிக்குக் கிளம்பி பிரான்சைத் தாண்டுவதற்குள்ளேயே விழுந்தது, 48 பேர். கராச்சியில் அதற்காகப் பெரிய கொட்டகை கட்டிவைத்துக் காத்திருந்தார்கள்.

ஆக என் கப்பல் விடியற்காலை நாலு மணிக்குத்தான் கிளம்பும். நம்ம ஊரில் பால் வண்டி கிளம்புகிற நேரம். முதல் அத்தியாயத்தில் கொளுத்தும் வெயிலில் கொடி அசைத்து, பேண்ட் வாசித்துக் கப்பலை அனுப்பியிருந்தேன். நாலு பக்கம் கிழித்தாயிற்று.

மே 14, புதன்

பெயர் தகராறு. நான் "வான்கப்பல்" என்று எழுதிவைத்திருந்தேன், அச்சுக்குப் போனால் அழகாக இருக்கும். ஆனால் 1856-ல் வாலாஜாவில் எவர் வாயில் அது வந்திருக்கும்? எங்கள் ஆயா இன்றைக்கும் பிளேனை ஏரோப்ளேன் என்பாள், மூடு வந்தால் ஆகாசக் கப்பல் என்பாள். முடிந்தது, ஆகாசக் கப்பல். நிற்கிற இடம் துறை. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்மைக் கிண்டல் பண்ணுவார்களே (கோயிலுக்குள் 1981-ல் சாமி வந்தாச்சு, கிண்டல் மட்டும் போகவில்லை), அந்தத் தண்ணீர் இல்லாத ஆற்றுக்கு ஒரு கப்பல்துறை கொடுத்துவிட்டேன். மரம் இல்லை, கூரை இல்லை, விழுந்தாலும் மணல். இறங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எந்த ஊரில் இருக்கிறது. அன்றைக்குப் பாலாறு இப்படிக் காய்ந்து கிடக்கவில்லைதான், அதனால் மழைக்காலத்தில் துறை கரைக்கு மாறும்.

மே 17, சனி

முந்தாநாள் கிடைத்ததை எப்படிச் சொல்வது. இரண்டு நாளாக இதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

ழிஃபாரின் பலூன் துணிதான். ஆனால் பிற்பாடு வந்த பெரிய கப்பல்களில் வாயுவை அடைத்துவைத்த பைகள் மாட்டுக் குடலால் ஆனவை. ஹைட்ரஜன் ரொம்பப் பொடி, துணி வழியாகக் கசிந்துவிடும், ரப்பர் பூசினாலும் கனம். மாட்டின் பெருங்குடல் ஆரம்பத்தில் ஒரு பை மாதிரி இருக்குமே, அதன் வெளிச்சவ்வை உரித்து, கழுவி, ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒட்டின இடமே தெரியாமல் சேர்ந்துகொள்ளும், வாயுவும் தாண்டாது. ஜெப்பலின் என்கிற ஜெர்மன் ஆகாசக் கப்பல் ஒன்றுக்குச் சுமார் 2,50,000 மாடுகளின் குடல். முதல் உலகப் போரில் ஜெர்மனியில் இதற்காகவே, குடலில் அடைத்துச் செய்கிற சாசேஜுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலிலேயே பிழைத்த பழைய வேலூர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு நான் என் கதாநாயகியைக் கப்பல் கேப்டனின் மகளாக எழுதிவைத்திருக்கிறேன். வெள்ளைக் கவுன், கையில் தொலைநோக்கி. அந்தப் பையை யார் உரித்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதுவும் யார், எங்கள் தாத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்ற வீட்டுப் பெண்.

கவுன் போய்விட்டது. இப்போது அஞ்சலை. வயசு 15. குடல் உரிக்கிறவள்.

மே 18, ஞாயிறு

காலையிலேயே கறிக்கடைக்குப் போய்ப் போட்டி வாங்கிவந்தேன், ஆட்டுக் குடல்தான், கழுவாமல் அப்படியே கொடுங்கள் என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பின்கட்டில் ஆயாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தேன். முதல் மூன்று கிழிந்தது. நகம் பட்டாலே போச்சு. நாலாவதை ஆயாவே பிடுங்கி, கட்டைவிரல் பக்கத்துச் சதையால் தள்ளித் தள்ளி ஒரு கைக்குட்டை அளவுக்கு எடுத்துக் கொடுத்தாள். கண் சரியாகத் தெரியாது அவளுக்கு.

"கண்ணால பாக்குற வேல இல்லமே இது. வெரலு சொல்லும்."

கண்ணாடி டம்ளர் வாயில் இழுத்துக் கட்டி வெயிலில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்து, தட்டினால் உடுக்கை மாதிரி சத்தம், பின்னால் விரல் வைத்தால் ரேகை தெரிகிறது. இந்த மாதிரிச் சவ்வில்தான் ஐம்பது பேருக்கு மேல் தூக்கிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். அக்கா மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடியவள் இதைத் தொட்டுப் பார்க்க மட்டும் இறங்கிவந்தாள்.

நாற்றம் கையைவிட்டுப் போகவில்லை, புளி போட்டு, எலுமிச்சை போட்டு, சோப்பு போட்டுத் தேய்த்தாயிற்று. ஆயா சிரிக்கிறாள். தாத்தா வீட்டுக்கு வந்தால் திண்ணைப் பக்கமே யாரும் வரமாட்டார்களாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே இருக்குமாம். "அவுரு பூட்டு எத்தினி வருசம் ஆச்சு, அந்த நாத்தம் இன்னும் என் மூக்குலயே கீது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது அருவருப்பு இல்லை.

மீதிப் போட்டியை வறுத்துச் சாப்பிட்டோம்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்கு ஸ்கூல் திறக்கிறார்கள். ஏழு அத்தியாயம். நான் நினைத்தது பதினைந்து.

ஜூன் 15, ஞாயிறு

மேல்காத்து ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன், துப்பட்டா நேராகக் கிழக்கே பறக்கிறது. அங்கேயே கதையின் நடுப்பகுதி கிடைத்தது. ஆடி பிறந்தால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், கப்பல் வாலாஜாவிலிருந்து பட்டணத்துக்கு ஜம்மென்று போய்விடும், ஆனால் அந்தக் காற்றை எதிர்த்துத் திரும்பி வர என் எஞ்சினுக்கும் தெம்பு போதாது. ழிஃபாருக்கு நடந்ததேதான். அப்படியானால் ஆடி மாதம் கப்பலே கிடையாது, பெரிய கயிறுகள் போட்டு மணலில் கட்டிவைத்து, பைகளை மராமத்து பண்ணுகிற மாதம் அது. உரிக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள் அத்தனை பேரும் கப்பலுக்கு உள்ளே ஏறுவது வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான்.

அஞ்சலை உள்ளே பைக்கும் பைக்கும் நடுவில் படுத்துக்கொண்டு கசிவு தேடுகிறாள். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, தலை சுற்றினால்தான் தெரியும். வெளியே கட்டு அறுகிறது. எஞ்சின் இல்லை, கேப்டன் இல்லை, ஆடிக்காற்றில் கப்பல் கிழக்கே போகிறது, உள்ளே அந்தக் கப்பலில் ஒரு தடவைகூடப் பயணம் போக விடப்படாத ஒரு பெண். அம்மியே பறக்கிற காற்று, இது பறக்காதா.

ராத்திரி பன்னிரண்டு வரை எழுதினேன். காவேரிப்பாக்கம் ஏரி மேலே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். பொழுது விடிகிறது, ஏரி முழுக்கக் கப்பலின் நிழல். இந்த ஒரு பத்தியை மட்டும் யாரும் மாற்றச் சொல்லக் கூடாது.

ஜூலை 1, செவ்வாய்

ரயில் வந்த நாள். ஒன்பதாவது பிள்ளைகளிடம் சொன்னேன், தென்னிந்தியாவின் முதல் ரயில் நம்ம பக்கத்து ஊருக்குத்தான் வந்தது என்று. ஒருத்தன் எழுந்து, "அப்புறம் ஏன் மிஸ் நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்ல?" என்றான். பெல் அடித்துவிட்டது, நல்லவேளை.

ஜூலை 10, வியாழன்

கோட்டைப் புரட்சி நடந்த நாள். மக்கான் பக்கம் நினைவுத்தூணுக்கு மாலை போடுவதால் டிராபிக், ஸ்கூலுக்குப் பத்து நிமிஷம் லேட். ஒரு விசித்திரம்: ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கியதும் ஒரு ஜூலை 10-தான், 1908, நெதர்லாந்தில். இதை எங்கேயாவது நுழைக்க ஆசைதான், இடம் இல்லை.

சாயங்காலம் ஆயாவுக்குப் பதினோராம் அத்தியாயம் படித்துக் காட்டினேன். அஞ்சலை கப்பலிலிருந்து நழுவி, கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஏரியைக் கடக்கிற இடம். நான் எழுதியதிலேயே விறுவிறுப்பானது அதுதான், அக்கா மகள் இரண்டு தடவை படித்துவிட்டாள். ஆயா கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு சுண்ணாம்புத் தொட்டியிலயும் வேல செய்யிதுன்னு சொன்ன இல்ல?"

"ஆமா ஆயா."

"அப்போ எப்டி கயிறு புடிக்கும்? கை பூராவும் பொத்துகினு இருக்குமே. உங்க தாத்தா சோத்தப் பெசைய முடியாம ஸ்பூனு வெச்சிகினு துன்னாரு."

எனக்கு வாயே வரவில்லை. அக்கா மகள் என்னைப் பார்க்கிறாள், நான் நோட்டைப் பார்க்கிறேன். ஆயாவே கொஞ்ச நேரம் கழித்து, சுருட்டி வைத்திருந்த தன் புடவை முந்தானையை எடுத்து, உள்ளங்கையைத் தொடாமல் முழங்கைக்குக் கீழே இரண்டு சுற்று சுற்றி, அக்குளில் இடுக்கிக் காட்டினாள். தாத்தா கிணற்றில் தண்ணீர் சேந்துவது இப்படித்தானாம்.

பதினொன்றைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். காலையில் ஸ்கூல் இருக்கிறது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது, எழுந்து போய்க் கொக்கி மாட்ட வேண்டும்.