கோ ஆட்டத்தில் மூலைத் திறப்பு: காட்பாடி நாட்குறிப்பு

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடக்கம். கோ என்பது கோடுகள் வெட்டும் புள்ளிகளில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம். அதற்கு ஃப்ளெக்ஸில் அச்சடித்த பலகை மதியத்துக்குள் ஓரம் சுருளும். அடியில் ராணிப்பேட்டைத் தோல் துண்டு ஒட்டினால் படிந்து கிடக்கும். அச்சுக்கடையில் சதுரக் கட்டம் கேட்காதீர்கள். கோடுகளுக்கிடையே அகலவாக்கில் 22 மி.மீ., நீளவாக்கில் 23.7 மி.மீ. உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போது அதுதான் சதுரமாகத் தெரியும்.

இனி எல்லாம் இடது கீழ் மூலை. புள்ளியைக் குறிக்கும் முதல் எண் இடது விளிம்பிலிருந்து எத்தனையாவது கோடு என்பது, அடுத்தது கீழ் விளிம்பிலிருந்து.

மே 6

நட்சத்திரப் புள்ளி 4-4இல் கருப்பு. வெள்ளை 3-3இல் நுழைகிறது. பழைய ஜோசெகி (மூலையில் இருவரும் ஆடும் வழக்கமான வரிசை): கருப்பு 3-4, வெள்ளை 4-3, கருப்பு 5-3, வெள்ளை 5-2, கருப்பு 6-2, வெள்ளை 4-2, கருப்பு 6-3. பிறகு மறுபக்கம் வெள்ளை 2-4, கருப்பு 2-5, வெள்ளை 2-3, கருப்பு 3-5.

இதில் இரண்டு இடம் உயிர்நாடி. வெள்ளை 4-2ஐ விட்டால் கருப்பு அங்கே வைத்து 5-2ஐ அதாரியில் (அடுத்த கல்லில் சிறைபடும் நிலை) பிடிக்கும், தப்ப வழியில்லை. கருப்பு 6-3ஐ விட்டால் வெள்ளை அங்கே வெட்டும், 5-3 அதாரியில் விழும். வரிசையை உருப்போட்டவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். எதிராளி ஒரு கல்லை மாற்றி வைத்ததும் கை நிற்கிறது.

முடிவில் வெள்ளைக்குச் சின்ன மூலையும் அடுத்துக் கல் வைக்கும் முறையும்; கருப்புக்கு இரு பக்கமும் பார்க்கும் கெட்டிச் சுவர். அதனால்தான் சீக்கிரம் நுழைவது வெள்ளைக்கு நஷ்டம் என்று வெகுகாலம் சொன்னார்கள்.

மே 7

2016 டிசம்பர் கடைசியிலும் 2017 ஜனவரி தொடக்கத்திலும் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் இணையத்தில் 60 ஆட்டம் ஆடி அறுபதையும் வென்றது ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல். சீக்கிரமே 3-3இல் நுழைவது மறுபடி பரவியது அதன் பிறகே. இப்போது கருப்பு 5-3க்குப் பதில் 5-4 நீட்டுவது வழக்கம். வெள்ளை 5-3, கருப்பு 6-4, வெள்ளை 7-3.

வெள்ளை இங்கே 2-4, 2-3 போடுவதில்லை. போட்டால் கருப்பு 2-5, 3-5 என்று தன் சுவரைத் தானே பூசிக்கொள்ளும். எதிராளி சுவருக்கு நாம் ஏன் சிமென்ட் குழைக்க வேண்டும்? ஓட்டை இருக்கட்டும், பின்னால் அடிக்க உதவும். கருப்பு 2-3இல் வந்தால் 2-2 போட்டால் போதும்.

மே 11, ஞாயிறு

கருப்பு 4-3. வெள்ளை 4-5இல் உயரமாக, அதாவது இடது விளிம்பிலிருந்து மூன்றாம் கோட்டில் அல்லாமல் நான்காம் கோட்டில், அணுகுகிறது. கருப்பு 3-5 ஒட்டு, வெள்ளை 3-6, கருப்பு 3-4க்குப் பின்வாங்கல், வெள்ளை 4-6 இணைப்பு. கருப்பு கீழ்ப்பக்கம் ஒரு கல் போட்டு மூலையை உறுதி செய்யும். வெள்ளை மூன்று புள்ளி விட்டுப் பத்தாம் வரிசைக்கு நீளும்.

4-6ஐ மறந்து நேரே நீள ஓடினால் கருப்பு அங்கே வெட்டி 3-6ஐயும் 4-5ஐயும் பிரித்துவிடும். பத்தாம் வரிசையில் ஏற்கெனவே கருப்புக் கல் இருந்தால் இந்த ஜோசெகியே வெள்ளைக்கு வேண்டாம். நீள இடமில்லாத சுவர், அடிவாங்கும் சுவர்.

மே 13

3-3 நுழைவை எந்தப் பக்கம் அடைப்பது? 3-4இல் அடைத்தால் சுவர் மேல்நோக்கும், இடது பக்கம் உங்களுக்கு. 4-3இல் அடைத்தால் கீழ்ப்பக்கம் உங்களுக்கு. எந்தப் பக்கம் அகலமாகவும் உங்கள் கல்லோடும் இருக்கிறதோ அங்கே அடையுங்கள். எதிராளி கல் ஏற்கெனவே வேரூன்றிய பக்கத்தை அவருக்கே விட்டுவிடலாம்.